பூஜ்யம் என்று பதிவான வெள்ளம்

ஜீப்பிலிருந்து இறங்கியதும் மேடம் செருப்பைக் கழற்றி வண்டியின் படியிலேயே வைத்துவிட்டு நேராக ஆற்றுக்குள் நடந்தார். பங்குனி மாதத்துக் காலை. தென்பெண்ணையில் தண்ணீர் வற்றிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மணல், நடுவே நாணல் திட்டுகள், வெயில் ஏற ஏற மணலின் மேல் நெளியத் தொடங்கியிருந்த கானல். பெங்களூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று மட்டுமே எனக்குத் தகவல் வந்திருந்தது. கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரமும் கைத்தறிச் சேலையுமாக வந்து நின்ற பெண்மணியை நான் எதிர்பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நடு ஆற்றில் நின்று மேற்கேயும் கிழக்கேயும் நெடுநேரம் பார்த்த பிறகு என்னிடம் கேட்டார்.

“தண்ணி வந்தா எந்தப் பக்கம் போகும்?”

கிழக்கே கையைக் காட்டினேன்.

“எப்பவும் அந்தப் பக்கம்தானா? என்னைக்காவது ஒரு நாள் திரும்பி, மேல் பக்கமா ஓடியிருக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஏதோ ஒரு பதிலுக்குப் பயந்து கேட்கிறவரைப் போல அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் பின்பாதி அது. அரூருக்கு வடக்கே, ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, தென்பெண்ணைக் கரையில் எனக்கு வேலை. கரையோரத்தில் அடிக்கணக்குக் கோடுகள் போட்ட ஒரு கல்தூண் நட்டிருந்தார்கள். அளவுக்கல் என்போம். தினமும் அதில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதி, தர்மபுரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வெள்ளம் வந்தால் மட்டும் மணிக்கொரு முறை பார்த்து, ஊருக்குள் ஓடித் தபால் ஆபீஸ் போனில் சொல்ல வேண்டும். ஆண்டில் பாதிக்கு மேல் அந்தக் கல்லின் காலடியில் மணல்தான் இருக்கும். நான் தினமும் போய்ப் பார்த்து ‘பூஜ்யம்’ என்று எழுதிவிட்டு வருவேன். தர்மபுரிக் கடைத்தெருவில் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் என் அத்தா. ஊரார் என்னை ‘அளவு பாய்’ என்று கூப்பிட்டபோது, மகனும் தன்னைப்போலவே அளவில் வந்து நின்றுவிட்டான் என்று அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

நான் எழுதும் தாள்கள் தர்மபுரியோடு நிற்பதில்லை. அங்கிருந்து பெங்களூரில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும். அங்கே ஒரு கணிப்பொறி இருக்கிறது, அது கல்லின் உயரத்தை வைத்து நொடிக்கு எத்தனை கன அடி நீர் ஓடியது என்று கணக்குப் போட்டு அச்சடித்துத் தரும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மேடம் அந்தக் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுகிறவர். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் கன்னடமும் ஆங்கிலமும் சரிபாதி கலந்திருக்கும்.

அவர் வருவதற்குள் நான் அந்த இடத்தில் ஓராண்டைக் கழித்திருந்தேன். அந்த ஓராண்டில் எனக்கு நிம்மதியான தூக்கம் குறைவு. காரணம் எனக்கு முன்பு அந்த வேலையைப் பார்த்தவர். அவரை நான் பார்த்ததில்லை. நான் சேர்வதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தி சாயும் நேரத்தில் அளவு பார்க்கப் போனவர் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. அன்று அடைமழை, ஊர் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. மேலே எங்கோ ஏரிகள் உடைந்து தண்ணீர் வந்தது, இரைச்சல் கேட்டது என்று ஊரில் சொன்னார்கள். விடிந்து பார்த்தபோது ஆறு வழக்கமான மழைக்கால அளவுக்கு இறங்கியிருந்தது. வந்தது எவ்வளவு தண்ணீர் என்று கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. கண்டிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

அவர் தங்கியிருந்த அதே ஒற்றை அறைக் கட்டடத்தில்தான் நான் தங்கினேன். வந்த புதிதில், காலையில் அளவுக்கல்லைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கல் ஈரமாக இருந்தது. சுற்றிலும் பொடி மணல். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கல் மட்டும் அடியிலிருந்து ஓர் ஆள் கையெட்டும் உயரம்வரை நனைந்து, கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பனியாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பனி ஒரு கல்லைத் தேடி வந்து நனைக்குமா? பக்கத்திலிருந்த பாறைகள் காய்ந்து கிடந்தன. அன்றும் நான் பூஜ்யம் என்றுதான் எழுதினேன்.

ஒரு நாள் இருள் பிரியும்போதே போனேன். ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு கல்லருகே நின்று, ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த தண்ணீர். என்னைக் கண்டு அவள் திடுக்கிடவில்லை.

“புதுசா வந்த அளவுக்காரருங்களா?” என்றாள். “அவரு தெனமும் தொடைச்சு வெப்பாருங்க. கோடு தெரியலீனா அவருக்குப் புடிக்காது. வந்து பாத்தா திட்டுவாரு.”

காணாமல் போனவரின் மனைவி. அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண். அந்த மழை நாளில் அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது கணவர் இல்லை. ஆற்றில் மணல் தெரிந்தது. அவர் பணியில் இருக்கும்போது இறந்தார் என்று எழுதித் தாருங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் அவளுக்காக மனுப் போட்டார்கள். அலுவலகம் பெங்களூரிலிருந்து வந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தது. அன்றைய தேதிக்கு நேரே பூஜ்யம் என்று அச்சாகியிருந்தது. அன்று மாலை அவர் போனில் சொன்ன அளவைக் கேட்டு எழுதியவர் மாற்றலாகிப் போயிருந்தார். உயரம் எழுதிய தாள் பெங்களூரில் எங்கோ மூட்டையில் கிடந்தது. கையில் இருந்தது அச்சடித்த அறிக்கை ஒன்றுதான். ஆளை அடித்துப் போகும் அளவுக்கு அன்று ஆற்றில் நீர் இல்லை, ஊழியர் சொல்லாமல் வேலையை விட்டுச் சென்றிருக்கிறார் என்று பதில் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலைக் கேட்டு மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். அக்கா அதைக் கேட்டு நிமிர்ந்துவிட்டாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, கையில் வளையல். தினமும் மதியம் இரண்டு தட்டு வைப்பாள். ஒரு முறை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். போனேன். எனக்கென்று மூன்றாவதாக ஒரு தட்டு வைத்தாள். இரண்டாவது தட்டில் களி ஆறிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“ஊருல ஆயிரம் சொல்லுவாங்க தம்பி. பெங்களூரு மிசினு பொய் சொல்லுமா? அன்னிக்கு ஆத்துல தண்ணியே இல்லீங்க. தண்ணியே இல்லாத ஆத்துல மனுசன் எப்படிங்க முழுகுவாரு? எங்கியோ போயிருக்காரு. வருவாரு.”

அவள் குரலில் துக்கம் இல்லை. சில நாள் மதியத்தில், வெயில் தலைக்கு மேல் நிற்கும்போது, அவள் நடு ஆற்றில் முழங்காலிட்டு மணலில் காதை வைத்துக்கொண்டிருப்பாள். அருகே போனால் விரலை உதட்டில் வைத்துச் சைகை காட்டுவாள். “கீழ ஓடுதுங்க” என்பாள். ஒரு முறை, அவள் போன பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நானும் காதை வைத்தேன். மணல் சுட்டது. முதலில் என் காதுக்குள் ஓடும் ரத்தத்தின் சத்தம். பிறகு அதற்கும் அடியில், மிக நிதானமாக, ஏதோ ஒன்று உரசிக்கொண்டு நகர்வது போல ஒரு சத்தம். மணலாற்றில் நீர் அடியில் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும், அது இயற்கை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதன் பிறகு நான் ஆற்றின் குறுக்கே நடந்து போகவில்லை. பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனேன். இன்று அந்த இடத்தில் மணலே இல்லை. லாரிகளில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். காதை வைத்தால் பாறைதான் இருக்கும்.

மேடம் வந்த அன்று நடந்ததற்கு வருகிறேன். ஆற்றிலிருந்து திரும்பி என் அறைக்கு வந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தான் வந்த காரணத்தைச் சொன்னார். அந்தக் கணிப்பொறிக்கு முன்பு கட்டளை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மேடம் புதிதாகப் பொறுப்பேற்று, அவர் எழுதியதை வரிவரியாகப் படித்தார். அதில் ஒரு வரி: விடை குறை எண்ணாக, அதாவது கழித்தல் குறியோடு, வந்தால் அதைப் பூஜ்யமாக்கு. ஆறு பின்னோக்கி ஓடாது, எனவே குறை எண் வந்தால் அது கணிப்பொறிக்குப் போடும் அட்டையில் யாரோ எண்ணைத் தவறாகத் துளையிட்டதுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த வரியை எடுத்துவிட்டுப் பழைய தாள்களை மறுபடி ஓட்டிப் பார்த்தார் மேடம். எல்லா நாளும் சரியாக வந்தன. ஒரே ஒரு தேதி மட்டும் கழித்தல் குறியோடு வந்தது. அதுவும் சின்ன எண்ணாக இல்லை. இருபத்துநாலாயிரத்துச் சொச்சம் கன அடி நீர், கழித்தல் குறியோடு.

“அப்படின்னா என்ன அர்த்தம்ங்க?” என்று கேட்டேன்.

“நொடிக்கு இருபத்துநாலாயிரம் கன அடி தண்ணி மலையைப் பாத்துத் திரும்பி ஓடியிருக்குன்னு அர்த்தம்” என்றார். “அந்தக் காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு எறங்கலை. வந்து பாத்தாத்தான் ஆச்சுன்னு கெளம்பிட்டேன்.”

அது எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

எனக்கு முன்பிருந்தவரைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை சுவரில் ஓரிடத்தில் நின்றது. அங்கே கூரைக்குக் கொஞ்சம் கீழே, நான்கு சுவர்களையும் சுற்றி நூல் பிடித்தாற்போல ஒரு மங்கலான கோடு. நான் வருவதற்கு முன், மழையில் கூரை ஒழுகிச் சேறாகிவிட்டது என்று அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பழைய சுண்ணாம்புக்கும் புதிய சுண்ணாம்புக்கும் நடுவிலான விளிம்பு என்று நினைத்து அதை நான் பொருட்படுத்தியதே இல்லை. மேடம் என் மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டினார். விரலைக் கீழே நீட்டிக் காட்டினார். நகக்கண்ணில் வண்டல். மாவு போன்ற, மெல்லிய ஆற்று வண்டல்.

நான் பாய் விரித்துப் படுக்கும் இடத்தைப் பார்த்தேன். பிறகு கோட்டைப் பார்த்தேன். ஓராண்டாக நான் வெள்ளத்தின் அடித்தரையில் படுத்து எழுந்திருக்கிறேன். வாசலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். பிறகு அந்த வேலையில் நான் இருந்த காலம் முழுவதும் அந்த அறைக்குள் படுத்துத் தூங்கியதில்லை.

மேடம் வெளியே வந்து, அந்தக் கோட்டின் உயரத்தை அளவுக்கல்லோடு ஒப்பிட்டார். கல்லுக்கு மேலேயும் தண்ணீர் போயிருக்கிறது. முன்பிருந்தவர் காணாமல் போன அன்று மாலை கடைசியாகப் போனில் சொன்ன உயரம் மேடம் கொண்டுவந்த தாளில் இருந்தது. அதுவே கல்லின் கடைசிக் கோடு. அந்த உயரத்தை வைத்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பென்சிலால் கணக்குப் போட்டார். கணிப்பொறி போட்ட அதே கணக்கு. நாற்பத்தோராயிரம் வந்தது. கழித்தல் குறி இல்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“எடம் பத்தலை” என்றார். “அய்யோ, எடம் பத்தலை.”

எனக்குப் புரியவில்லை என்று கண்டு, ஆற்று மணலுக்குக் கூட்டிப் போனார். எருக்கங்குச்சியால் வரிசையாகப் பதினாறு கட்டங்கள் கீறினார். கணிப்பொறி ஓர் எண்ணை எழுதி வைக்கத் தருவது இவ்வளவு இடம்தான் என்றார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று இருக்கலாம், அல்லது ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். கூழாங்கல் வைத்தால் ஒன்று. முதல் கட்டம் மட்டும் எண்ணுக்கு உரியது அல்ல. அதில் கல் இருந்தால் கழித்தல், இல்லாவிட்டால் கூட்டல். முதல் கட்டத்தைக் காலியாக விட்டு, மற்ற பதினைந்திலும் கல் வைத்தார்.

“இதுதான் எவ்வளவு பெரிசா போக முடியுமோ அவ்வளவு. முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்து அறுபத்தேழு. இதுல இன்னும் ஒண்ணே ஒண்ணு சேக்கணும்னு வெச்சுக்குங்க.”

கடைசிக் கட்டத்துக் கல்லை எடுத்தார். பத்து சேர்ந்தால் அடுத்த இடத்துக்குப் போவது போல, இங்கே இரண்டு சேர்ந்தாலே அடுத்த இடத்துக்குப் போய்விடும் என்றார். அடுத்த கட்டமும் நிறைந்திருந்தது. அதையும் எடுத்தார். அதற்கடுத்ததையும். வரிசை முழுவதும் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு கல் அவர் கையில் மிஞ்சியது. அதை முதல் கட்டத்தில் வைத்தார். எண் இருந்த இடமெல்லாம் வெறும் குழிகள். கழித்தலுக்கான கட்டத்தில் மட்டும் ஒரு கல்.

“இப்ப மிசினு இதைப் படிச்சா, கழித்தல் முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்து அறுபத்தெட்டுன்னு சொல்லும். அதுக்கு மேல ஏற ஏற, அந்தக் கழித்தல்ல இருந்து பூஜ்யத்தைப் பாத்துத் திரும்பி வரும். நாப்பத்தோராயிரம்னா கழித்தல் இருபத்துநாலாயிரத்துச் சொச்சத்துல வந்து நிக்கும். நின்னிருக்கு.”

எனக்கு அத்தாவின் கடையில் தொங்கிய வட்டமுகத் தராசு நினைவுக்கு வந்தது. தாங்கும் எடைக்கு மேல் எதையாவது மாட்டினால் அதன் முள் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, பூஜ்யத்தையும் தாண்டி வந்து நிற்கும். பார்க்கிறவன் எடை குறைவு என்றுதான் நினைப்பான். அதைச் சொன்னேன். “அதேதான்” என்றார் மேடம். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. ஆறு அதிகமாக வந்ததால் அது எதிர்ப்பக்கம் ஓடியதாகக் கணக்காகி, எதிர்ப்பக்கம் ஓடாது என்பதால் வரவேயில்லை என்று எழுதப்பட்டுவிட்டது. அந்த ஆண்டின் ஆகப் பெரிய வெள்ளம் சுவடில்லாமல் போய்விட்டது. அதோடு ஓர் ஆளும்.

அறிக்கையைத் திருத்தினால் போதுமே, சந்தோஷமான காரியம்தானே என்று எனக்குத் தோன்றியது. அடுத்த கணமே அக்காவின் இரண்டாவது தட்டு கண்முன் வந்தது. அவள் அந்தப் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறாள் என்று மேடத்திடம் சொன்னேன். மேடம் வெகுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“சொல்லாம விட்டுட முடியாதா?” என்று நான்தான் கேட்டேன்.

அவர் கரையைக் காட்டினார். என் அறைக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய சமதளத்தில், வரிசையாக அஸ்திவாரக் குழிகள். வீடில்லாத குடும்பங்களுக்குக் காலனி கட்டுவதற்காகத் தோண்டியவை. இந்த ஆற்றில் வெள்ளம் அந்தச் சமதளத்தைத் தொட்டதாகப் பதிவே இல்லை என்று அதே அறிக்கையைப் பார்த்துத்தான் இடம் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரைச்சலைக் கேட்ட ஊர்க்காரர்கள் ஒருவர் இருவர் வேண்டாம் என்றபோது, ஊரார் எதையும் பெரிதாக்கித்தான் சொல்வார்கள் என்று தள்ளிவிட்டார்கள். வீடு கிடைக்கப்போகிறவர்களுக்கும் அதைக் கேட்க விருப்பமில்லை. என் அறைச் சுவரில் இருந்த கோட்டை அங்கே நீட்டிப் பார்த்தால், அந்த வீடுகளின் கூரைக்குச் சற்றுக் கீழே வரும்.

மதியம் இருவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். அவள் எங்களுக்கும் தட்டு வைக்க எழுந்தாள். மேடம் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, மிசினில் எண்ணுக்கு இடம் போதவில்லை, அன்று ஆற்றில் பெரிய தண்ணீர் வந்திருக்கிறது என்று சுற்றிவளைக்காமல் சொன்னார். அக்கா அசையாமல் கேட்டாள்.

“முன்ன என்னங்க எழுதியிருந்துச்சு?” என்றாள்.

“பூஜ்யம்” என்றார் மேடம்.

“அது அப்படியே இருக்கட்டுமேங்க. பூஜ்யம் யாருக்கு என்ன பண்ணுச்சு? அதை எதுக்குங்க எடுக்கணும்?”

மேடம் காலனி வீடுகளைப் பற்றிச் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தை புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, “அந்த வூடெல்லாம் யாருக்குக் குடுக்கறாங்க தம்பி?” என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினாள். கைக்குழந்தையோடு அவள் திரும்பி வந்த புதிதில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் ஒருத்தியின் பெயரும் அதில் இருந்தது. அந்தப் பெயர் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“எவ்ளோ தண்ணிங்க வந்துச்சு?”

மேடம் எண்ணைச் சொன்னார். அது அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. “ஆளு ஒசரத்துக்குச் சொல்லுங்க” என்றாள்.

என் அறைக்குக் கூட்டி வந்தோம். கணவரோடு அவள் குடியிருந்த அறை. அவர் போன பிறகு வாசற்படியைக்கூட அவள் மிதித்ததில்லை. மேடம் சுவரின் கோட்டைக் காட்டினார். அக்கா சுவரோடு முதுகை ஒட்டி நின்று, வலது கையை மேலே உயர்த்தினாள். எட்டவில்லை. குதிகாலை எக்கினாள். அப்போதும் எட்டவில்லை. கையை உயர்த்தியபடியே சற்று நேரம் நின்றாள். வளையல்கள் முழங்கைவரை சரிந்து இறங்கின. பிறகு கையை இறக்காமலே, எங்கள் இருவரையும் பார்க்காமல் பேசினாள்.

“அவருக்கு நீச்சத் தெரியாதுங்க.”

மேடம் அவள் பக்கம் திரும்பினார்.

“ஆத்து வேலைக்கு நீச்சத் தெரிஞ்சிருக்கணும்னு கேட்டாங்களாம். தெரியும்னு சொல்லிட்டுச் சேந்துட்டாரு. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு. யாருகிட்டயும் சொல்லிறாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இத்தன நாளு நான் சொல்லலீங்க. தண்ணியே இல்லாதப்ப அதை எதுக்குங்க சொல்லணும்?”

பிறகுதான் கை கீழே இறங்கியது. அவள் அழுத சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. மணலில் காதை வைத்தபோது கேட்ட அந்தச் சத்தம் அதைவிட மேல்.

ஜீப் மதியமே தர்மபுரிக்குத் திரும்பிவிட்டதால், மேடம் அன்று மாலை அரூர் பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பினார். ஓர் எண்ணுக்கு இரண்டு மடங்கு இடம், முப்பத்திரண்டு கட்டங்கள் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அதில் முதல் கட்டத்தைக் கழித்தலுக்கு விட்டாலும் இருநூறு கோடிக்கு மேல் கொள்ளும். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து வந்தாலும் நிறையாது என்றார். ஆறு மேல்நோக்கி ஓடாது என்று தெரிந்தும் கழித்தலுக்கு ஏன் ஒரு கட்டத்தை வீணாக்க வேண்டும் என்று கேட்டேன். தன்னுடைய மிசினில் குறியில்லாத எண்ணுக்கு வழியில்லை என்றார். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியே, “வழி இருந்தாலும் வெச்சிருப்பேன். தப்பு நடந்தா அந்த ஒரு கல்லாவது காட்டிக்குடுக்கும்” என்றார்.

சொன்னபடி செய்தார். திருத்திய அறிக்கை வந்தது. காலனி வீடுகளை மேட்டுத் தெருவுக்கு மேலே நகர்த்தினார்கள். ஆற்றோரத்து அஸ்திவாரக் குழிகளில் முள் முளைத்தது. பணியின்போது இறந்தார் என்று அலுவலகம் எழுதித் தந்தது. அக்காவுக்கு ஆற்றங்கரையில் என்னோடேயே அளவு பார்க்கும் உதவியாள் வேலை கிடைத்தது. மேடத்தை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. வெளிநாடு போய்விட்டார் என்று கேள்வி.

சில மழைக்காலங்கள் கழித்து, ஐப்பசியில் ஒரு பகல்பொழுதில், எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லாமல் ஆறு வந்தது. முதலில் மேற்கே ஒரு முனகல். பிறகு மணலின் மேல் பழுப்பு நுரை விளிம்பு கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வருவது போல வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரு கரைகளையும் தொட்டது. காலனி கட்ட இருந்த சமதளம் மதியத்துக்குள் காணாமல் போனது. பறவைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பயங்கரமான அமைதி இருந்தது. அளவுக்கல்லின் மேல்கோடுகள் மட்டும் தெரிந்தன. அதைப் படிக்க வேண்டுமென்றால் சரிவில் இறங்கியாக வேண்டும்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனபோது, அக்கா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கையில் கிணற்று வடக்கயிறு. அதை என் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். மறுமுனையைப் புளியமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு நீச்சல் தெரியும்க்கா” என்றேன்.

“தெரியும்னு சொன்னவங்கள நான் பாத்திருக்கேன். எறங்குங்க.”

இறங்கினேன். முழங்காலில் மோதிய தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் என் எலும்பில் இருக்கிறது. கோட்டைப் படித்துக்கொண்டு திரும்பி ஏறியபோது அவள் கயிற்றைக் கைக்குக் கை மாற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை உரிந்து சிவந்திருந்தது.

“எவ்ளோங்க?” என்றாள்.

சொன்னேன். அந்த மழைநாளின் கடைசி அளவுக்கு இன்னும் ஓர் அடிதான் குறைவு.

“அந்த மிசினு புடிக்குமா?”

“புடிக்கும்க்கா. இப்ப எடம் இருக்கு.”

அவள் என் இடுப்பு முடிச்சை அவிழ்க்கவில்லை. மரத்துப் பக்கத்து முனையை மட்டும் அவிழ்த்து, வளையமாகச் சுற்றி என் தோளில் போட்டாள்.

“ஓடிப் போயி போன்ல சொல்லிட்டு வாங்க” என்றாள். “அடுத்த அளவுக்கு நான் இல்லாம எறங்கக் கூடாது.”